கூடிய விரைவில்

அந்தக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளருக்கு ‘ஸ்கேல்’ என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்துகொள்வதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கோடு போட்டால் கோணாது என்பதற்காக வைத்த பெயர். எந்தக் குற்றத்துக்கு நிலையத்திலேயே ஜாமீன் கொடுக்கலாம், யாரை விசாரணைக்கு நிலையத்துக்கு வரவழைக்கக் கூடாது, எந்த வீட்டுக்குள் நுழைய நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று பக்கத்து நிலையங்களிலிருந்துகூட அவளுக்குத்தான் போன் வரும்.

புதிதாகச் சேரும் காவலர்களுக்குப் பயிற்சிப் பள்ளியில் கைது விதிகளைப் பற்றி வகுப்பெடுப்பதும் அவள்தான். ஒரு காலத்தில் காவலன் பிடித்துக்கொண்டு போனால் போனதுதான் என்று ஆரம்பிப்பாள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டார் நிலையம் நிலையமாக ஏறி இறங்குவார்கள், அங்கே கையை விரித்துவிடுவார்கள், அப்படி அலைந்தவர்கள் நீதிமன்றப் படியேறி வாங்கிக் கொடுத்ததுதான் இந்த விதிகள் என்பாள். கைது செய்ய அதிகாரம் இருப்பது வேறு, தேவை இருப்பது வேறு என்பதைச் சொல்லும்போது மேசையைத் தட்டுவாள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

அன்று காலை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர், ஆய்வாளரின் கைப்பேசிக்கே நேராக அழைத்துவிட்டார். லிஃப்ட் மெக்கானிக் தன்னைப் பிடித்துத் தள்ளிவிட்டான், மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது, நெற்றியில் சிராய்ப்பு என்று புகார். ஆய்வாளர் ஒரு வழக்குக்காக நீதிமன்றத்தில் இருந்தார். அவளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஜீப் போய் இருவரையும் ஏற்றிவந்தது.

மெக்கானிக்குக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நீலச் சட்டை முழுக்கக் கிரீஸ். லிஃப்ட்டைத் தாங்கும் கம்பி வடத்தில் இழைகள் விட்டுப்போயிருக்கின்றன, புது வடம் மாட்டும்வரை ஓட்டக் கூடாது என்று மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டியிருக்கிறான். மேல்மாடிக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், இன்று ஒருநாள் மட்டும் ஓட்டு என்று செயலாளர் அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார். அந்த இழுபறியில் நடந்ததுதான் எல்லாம். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டபோதே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இருவரையும் உட்கார வைத்துப் பேசி, ஒருவருக்கொருவர் வருத்தம் சொல்லவைத்து அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதைச் சொல்ல வாயெடுக்கும்போது மெக்கானிக் எழுந்து நின்றான்.

“மேடம், ஒரு சந்தேகம். எங்க வீட்டுப் பூட்டை ஒடச்சு கேஸ் சிலிண்டரைத் தூக்கிட்டுப் போனப்ப நாலு தடவை இங்க வந்து கூப்பிட்டேன். ஒருத்தர் எட்டிப் பாக்கல. இன்னிக்கு இவர் கண்ணாடி ஒடஞ்சதுக்கு ஜீப்பே வந்துடுச்சு. கண்ணாடிக்கு ஒரு சட்டம், சிலிண்டருக்கு ஒரு சட்டமா? இல்ல, சிலிண்டரை மூக்குல மாட்டிக்கிட்டு வந்திருக்கணுமா?”

வாசலில் நின்ற காவலர் சிரித்துவிட்டார். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. அவளுக்குக் காதுமடல் சூடானது. அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. சிலிண்டர் புகார் வந்ததும் யாரும் போகாததும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதனால்தான் அதிகமாகச் சுட்டது.

அதுவரை அவனை ‘நீங்க’ என்றே பேசிக்கொண்டிருந்தவள், “ஓரமா போய் உக்காரு” என்றாள். பிறகு ஏட்டிடம் திரும்பி, “கேஸ் போட்டு அரெஸ்ட் காட்டிடுங்க” என்றாள்.

அதிகாரம் இருந்தது. காயம் ஏற்படுத்தியதாகப் புகார் இருந்தது. தேவைதான் இல்லை. ஓடி ஒளிகிற ஆளும் இல்லை, சாட்சியைக் கலைக்கிற ஆளும் இல்லை. மேசையைத் தட்டிச் சொல்கிற வாக்கியம் அவளுக்கு நினைவுக்கு வராமலில்லை. வந்தது, அதைப் பேசாமல் இரு என்று அடக்கிவிட்டாள்.

கைது என்று ஏட்டு கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டதும் மெக்கானிக்கின் குரல் மாறிவிட்டது. வீட்டில் அப்பா தனியாகப் படுத்திருக்கிறார், பக்கவாதம், இடது பக்கம் வராது, மதியம் தான் போய்த்தான் சாப்பாடு கொடுத்துத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்றான். மனைவி துணி தைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறாள். கம்பெனிக்குள் போகும்போதே வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். கம்பெனி நம்பருக்குப் போன் செய்தால் சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கொடுப்பார் என்று நம்பரையும் சொன்னான். உதவி ஆய்வாளர் ‘சொல்லுவோம்’ என்றாள்.

நம்பவில்லை. இத்தனை வருட வேலையில் கைதாகிற எல்லார் வீட்டிலும் ஓர் அம்மா சாகக் கிடந்திருக்கிறாள், ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்திருக்கிறது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் சொன்ன சாவெல்லாம் நிஜமாக நடந்திருந்தால் ஊரில் பாதி காலியாகியிருக்கும்.

ஏட்டு எழுதி முடித்துவிட்டு வந்து, “மேடம், அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணிடவா?” என்று கேட்டார்.

“இருக்கட்டும் ஏட்டையா. கொஞ்சம் வாய் அடங்கட்டும்” என்றாள்.

அந்த மதியம் நிலையத்தில் ஈ ஓட்டாத குறைதான். அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தாள். மகளின் பள்ளிக்குப் போன் செய்து, பஸ் கிளம்பிவிட்டதா, பிள்ளை ஏறிவிட்டாளா என்று விசாரித்தாள். பெஞ்சில் இருந்த மெக்கானிக் நடுவில் இரண்டு தடவை கேட்டுவிட்டான். இரண்டாவது தடவை எழுந்து நின்று, “நான் பேசினது தப்புதான் மேடம். மன்னிச்சுக்குங்க. போனை மட்டும் பண்ணிடுங்க” என்றான். அது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. கேட்க இதமாகவும் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெயில் தணிந்தபிறகு அவளே கம்பெனி நம்பரைப் போட்டாள். சூப்பர்வைசர் போய்ப் பெண்ணைக் கூட்டிவந்தார். பின்னால் தையல் இயந்திரங்களின் இரைச்சல். உங்கள் வீட்டுக்காரரைக் கைது செய்திருக்கிறோம், ஜாமீனுக்கு ஆள் கூட்டிக்கொண்டு வாங்க என்று இவள் சொன்னாள். எதற்குக் கைது, அடித்தீர்களா என்றெல்லாம் அந்தப் பெண் கேட்கவில்லை.

“எப்ப புடிச்சீங்க?” என்றாள். காலையில் என்றதும், “அப்ப மாமாவுக்கு?” என்றாள். பதில் வருவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஜாமீனுக்கு மெக்கானிக்கோடு வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கையெழுத்துப் போட அவன் மேசைக்கு முன்னால் குனிந்திருந்தபோது, ஏட்டு திருப்பிக்கொடுத்த அவனுடைய கைப்பேசி அடித்தது. எடுத்துக் கேட்டான். நிமிர்ந்து அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, கூட வந்தவனிடம், “அப்பா கீழ கெடக்காராம்” என்றான். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மதியத்திலிருந்து சிமென்டுத் தரையில் அந்த மனிதர் கிடந்திருக்கிறார், தன் ஈரத்திலேயே. குரல் கொடுத்திருக்கிறார், பக்கத்து வீட்டில் ஆளில்லை. இதெல்லாம் மறுநாள் ஏட்டு விசாரித்து வந்து சொன்னது. சொல்லிவிட்டு, “நம்ம கையில என்ன இருக்கு மேடம்” என்றார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டொரு நாளில் அவள் சேலை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசல்வரைதான் போக முடிந்தது. உள்ளே மருமகள் ஒரு வாளியில் துணியை அலசிப் பிழிந்துகொண்டிருந்தாள். கட்டிலில் போர்வைக்கு வெளியே ஒரு பாதம் மட்டும் தெரிந்தது, நகம் வெட்டிச் சுத்தமாக வைத்திருந்த பாதம். படுத்த படுக்கையாக இருக்கிறவருக்கு யாரோ அவ்வளவு அக்கறையாக நகம் வெட்டியிருக்கிறார்கள். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

மருந்துக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சட்டப்படி தப்பு இல்லையே என்று கேட்டார். இல்லை என்றாள். அப்புறம் எதற்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாய் என்றார். அவர் ஆறுதலாகத்தான் கேட்டார். மகள் பள்ளிப் பஸ்ஸில் நடந்த கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கதையை அவளால் காதில் வாங்க முடியவில்லை.

மெக்கானிக்கும் மனைவியும் மேலதிகாரியிடம் புகார் கொடுத்தார்கள். விசாரணைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அந்த அதிகாரிக்கு அவள்மேல் நல்ல அபிப்பிராயம். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். கைது விவரத்தைக் குடும்பத்துக்குக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும் என்றுதானே விதியில் இருக்கிறது, இத்தனை மணிக்குள் என்று எங்கேயும் இல்லையே என்று அவரே ஆரம்பித்தார். அன்று நிலையத்தில் ஒரே கூட்டம், கம்பெனி லைனும் கிடைக்கவில்லை என்று ஏட்டு ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

“அப்படித்தானேம்மா?”

“ஆமா சார்” என்றாள்.

புகாரில் முகாந்திரம் இல்லை என்று முடித்துவிட்டார்கள். வெளியே வந்து ஜீப்பில் ஏறும்போதுதான், தான் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஏட்டு அவளைக் கேட்டுக்கொண்டு பொய் சொல்லவில்லை. அவராகவே, அவளைக் காப்பாற்றச் சொல்லியிருந்தார். அவளும் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டாள்.

அதன்பிறகு பயிற்சிப் பள்ளியில் ஒரு வகுப்பு வந்தது. வழக்கம்போலப் பேசிக்கொண்டு போனாள். நடுவில் ஒரு பெண் எழுந்து, “கூடிய விரைவில்னா எவ்ளோ நேரம் மேடம்?” என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு அவளிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். “உங்க வீட்டு ஆளைக் காணோம்னா நீங்க எவ்ளோ நேரம் பொறுத்துக்குவீங்களோ, அவ்ளோ நேரம்” என்றாள். பிள்ளைகள் மடமடவென்று எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போய், தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நிலையத்துக்குத் திரும்பியதும் ஏட்டைத் தனியே அழைத்தாள். மேலதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றாள். ஏட்டு ஓய்வுபெறச் சில மாதங்கள்தான் இருந்தன. அவர் நாற்காலியில் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“நீங்க உண்மையைச் சொன்னா நான் பொய் சொன்னவன் ஆயிடுவேனே மேடம்.”

தொப்பியைத் திருப்புவதை நிறுத்தினார்.

“போன் பண்ணட்டான்னு கேட்டது நான். வேணாம்னது நீங்க. உங்களுக்காகத்தான் மாத்திச் சொன்னேன். இப்ப உங்க மனசு லேசாகறதுக்கு என் பென்ஷன்தான் கெடச்சுதா?”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதற்குப் பதிலாக ஓர் அறை அறைந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. உங்களுக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று அவர் கேட்டார்.

வழி ஒன்றுதான் இருந்தது. போன் செய்ய வேண்டாம் என்று சொன்னது நான், கூட்டம் என்று பொய் சொல்லச் சொன்னதும் நான், நான் அவருக்கு மேலே என்ற அதிகாரத்தில் ஏட்டை மிரட்டிச் சொல்லவைத்தேன் என்று அவள் வாக்குமூலம் கொடுத்தாள். முதல் பாதி உண்மை, இரண்டாவது பாதி பொய். வாழ்க்கையில் கையெழுத்துப் போட்டு அவள் சொன்ன முதல் பொய் அது. அது தனக்கே கெடுதலான பொய் என்பதில்கூட அவளுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

அதிகாரிக்கு எரிச்சல்தான் வந்தது. முடிந்துபோன விஷயம், யாரும்மா உன்னைக் கேட்டது என்றார். நாளைக்கு ஒவ்வொருத்தனும் இதைக் காட்டி நம்மை இழுப்பான் என்றார். பிறகு, போன் பண்ண வேண்டாம் என்று ஏன் சொன்னாய் என்று கேட்டார். கோபம் சார் என்றாள். அவன் என்ன செய்தான் என்றார். உண்மையைச் சொன்னான் சார் என்றாள்.

அவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து, பிறகு பதவி உயர்வை நிறுத்திவைத்து, மாவட்ட அலுவலகத்தில் பழைய வண்டிகளை ஏலம் விடும் பிரிவில் போட்டார்கள். பயிற்சிப் பள்ளியிலிருந்து அழைப்பு வருவது நின்றது. ஏட்டுக்கு ஓய்வூதியம் முழுதாக வந்தது. அவருடைய பிரிவுபசாரத்துக்கு அவளும் போயிருந்தாள். எல்லாரிடமும் கைகொடுத்துக்கொண்டு வந்தவர், அவள் நின்ற இடத்துக்கு வந்ததும் போன் பேசுவதுபோலத் திரும்பிக்கொண்டார். அவரைக் காப்பாற்றியதாக அவள் நினைத்ததை, தன்னை மிரட்டலுக்குப் பயந்தவனாக்கிவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டாள். அதுவும் நியாயம்தான் என்று நினைத்தாள்.

செயலாளர் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார். புது வடம் மாட்டவந்த கம்பெனிக்காரர்கள் பழைய வடத்தை எடுத்துக் காட்டியதில் குடியிருப்பே மிரண்டுபோனதாம்.

மெக்கானிக்கின் வீட்டுக்குப் போக அவளுக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போனாள். ஒரு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், பின்பக்கம் பார்த்த வீடு. கதவைத் திறந்த மருமகள் அவளைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கணவனைக் கூப்பிட்டாள். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. மெக்கானிக் வந்து நின்றான்.

தனக்குத் தண்டனை கொடுத்துவிட்டார்கள் என்று சொல்ல அவள் வரவில்லை. ஆனால் வாயில் அதுதான் முதலில் வந்தது. அவன், “கேள்விப்பட்டேன்” என்றான். “அதனால அப்பா எழுந்திரிச்சு உக்காரப்போறாரா? இல்லல்ல.” குத்திக்காட்டுவதுபோலச் சொல்லவில்லை. வடம் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

உள்ளே கட்டிலிலிருந்து யாரது என்று குரல் கேட்டது. மெக்கானிக் வழிவிட்டான்.

கட்டிலில் இருந்தவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். முறிந்த இடுப்பெலும்பு இன்னும் கூடவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, ஓரம் தேய்ந்து வந்தன. மகனுடைய ஆபீஸிலிருந்து யாரோ வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். எப்படி விழுந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. பார்க்க வருகிற எல்லாரும் கேட்டுப் பழகியிருக்க வேண்டும், அவரே சொல்ல ஆரம்பித்தார்.

“பசிக்கு எழுந்திரிக்கலம்மா. இவன் நேரம் தவறமாட்டான். மழைன்னாலும் மதியம் வந்து நிப்பான். அன்னிக்கு வரல. லிஃப்ட் வேலையாச்சே... குழிக்குள்ள விழுந்துட்டானோன்னு தோணிடுச்சு. போன் அலமாரி மேல சார்ஜுல இருந்துது. எடுத்துப் பேசிடலாம்னு ஒரு காலை ஊனினேன்.”

அவர் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். “கீழ கெடக்கும்போதும் வலி பெருசா தெரியல. இவன் பொணமாத்தான் வரப்போறான்னு அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்.”

இடுப்பெலும்பைப் பற்றியும் தரையைப் பற்றியும் இத்தனை நாளும் நினைத்து நினைத்து மாய்ந்துபோயிருந்தாள். இந்த மனிதர் அந்த மதியம் முழுவதும் மகனைச் சாகக்கொடுத்துவிட்டுக் கிடந்தார் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

“ஐயா, நான் போலீஸ்” என்றாள். “உங்க பையனைப் புடிச்சு வெச்சிருந்தது நான்தான். வீட்டுக்குப் போன் பண்ணச் சொல்லிக் கேட்டாரு. நான்தான் பண்ணல.”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. பெரியவர் தலையை அவள் பக்கம் திருப்பினார்.

“ஏம்மா பண்ணல?”

“என்னைக் கேலி பண்ணிட்டாரு. அதுக்காக.”

அவர் மகனைப் பார்த்தார், பிறகு அவளை. “இவன் வாய் அப்படித்தான்” என்றார். கடிந்துகொண்டாரா, பரிந்து பேசினாரா என்று தெரியாத குரல். “இவங்கம்மா வாய். நல்லதுக்கும் பேசும், கெட்டதுக்கும் பேசும்.” பிறகு, “ஒரு போன்தானேம்மா” என்றார்.

அவளால் வாய்விட்டு மன்னிப்புக் கேட்க முடியவில்லை. கேட்டால் அதைக் கொடுக்க வேண்டிய வேலையும் அவர்மேல் விழும் என்று இருந்தது.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, “என்னைத் திருப்பி விடுடா” என்றார். மெக்கானிக் கட்டிலின் ஒரு பக்கம் போய் அவருக்கடியில் இருந்த விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தான். மனைவியைக் கூப்பிடப்போனவன், நிறுத்தி, அவளைப் பார்த்தான்.

“அந்தப் பக்கம் புடிங்க. மெதுவா. இடுப்பு அசையக் கூடாது.”

அவள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் பிடித்தாள். எலும்பும் தோலுமாகத் தெரிந்தவர், தூக்கும்போது அவ்வளவு கனமாக இருந்தார். அவன் எண்ணிச் சொல்ல, இருவரும் சேர்ந்து அவரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினார்கள். வலியில் அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. மெக்கானிக் முதுகுக்கு ஒரு தலையணையை அண்டக்கொடுத்து, அப்பாவின் சட்டையை இழுத்துச் சரிசெய்தான்.

“அவ்ளோதான். நீங்க கெளம்புங்க மேடம்” என்றான்.

பெரியவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். அவள் போய்வருகிறேன் என்று அந்த முதுகிடம் சொன்னாள். பதில் வருமா என்று கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, வாசலில் கழற்றிப்போட்டிருந்த செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.